பஞ்சு முதல் பெட்டி வரை: பனியன் தொழிலில் நவீன அடிமைத்தனத்தைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) அனுப்பும் கேள்வித்தாளில் ‘உங்கள் நிறுவனத்தில் கட்டாய உழைப்பு உண்டா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். திருப்பூரில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று குறிக்காதவர் அரிது. பெரும்பாலானவர்கள் பொய் சொல்வதில்லை. தங்கள் கட்டடத்துக்குள் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பனியன் உருவாகும் வேலையில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே, நூல் மில்லிலும் சாயப்பட்டறையிலும் ஜாப் ஒர்க் யூனிட்டிலும் (பிறருக்காகக் கூலிக்கு வேலை முடித்துக் கொடுக்கும் பட்டறையிலும்) நடக்கிறது. கேள்வி அங்கே போய்ச் சேருவதே இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டு நிறுவனங்களும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 4.96 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள். அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள். சுரங்கமும் மீன்பிடிப் படகும் மட்டும் அந்த எண்ணிக்கையை நிரப்பவில்லை. சட்டை தைப்பவர்களும் நூல் நூற்பவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நாட்டின் நூற்பாலைகளில் ஏறக்குறையப் பாதி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அதனால் திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி ஏற்றுமதியாளர்களையும் அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்களையும் மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நெடுக ஒரே ஒரு சோதனையைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம்: இந்தத் தொழிலாளி நாளைக் காலையில், உழைத்த கூலி முழுவதையும் தன் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் ஊருக்குப் போக முடியுமா? முடியாது என்றால், ஏன் முடியாது? அந்த ‘ஏன்’ இருக்கும் இடத்தில்தான் வேலை தொடங்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம்?

கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நினைவுக்கு வரும். திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் முடக்கப்பட்ட இருளர் குடும்பங்களைக் கோட்டாட்சியர் நேரில் சென்று மீட்ட செய்திகளைப் படித்திருக்கிறோம். ஜவுளித் தொழிலுக்குள் அதே முறை வேறு பெயரில் நுழைந்தது. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். தென் மாவட்டக் கிராமங்களுக்கு ஏஜென்ட் வருவார். மகளை மூன்று ஆண்டு மில்லுக்கு அனுப்புங்கள், முடிவில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார். பதின்வயதுப் பெண்கள் மில் வளாகத்து விடுதியில் தங்கினார்கள். வெளியே போகத் தடை, வீட்டாருடன் பேசக் கட்டுப்பாடு, இரவு ஷிப்ட். நடுவில் உடம்பு கெட்டுத் திரும்பிய பெண்ணுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண் யாரிடமும் கடன் வாங்கவில்லை. அவளுடைய சம்பளத்தையே பிடித்துவைத்து, அதையே பிணையாக்கினார்கள். கடன் கொடுத்து ஆளைப் பிடிப்பது பழைய வழி. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஆளைப் பிடிப்பது இந்த வழி. ‘சுமங்கலி’ என்ற பெயர் விளம்பரங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. ‘பயிற்சியாளர்’, ‘கேம்ப் கூலி’ (மில் விடுதியில் தங்கி வேலை செய்பவர்), ‘மூன்று வருட போனஸ்’ என்று எந்தப் பெயரில் வந்தாலும், கூலியில் ஒரு பகுதி பிற்காலத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருந்தால் அங்கே நின்று பாருங்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதன்படி கொத்தடிமைக் கடன் எதுவாக இருந்தாலும் செல்லாது. அதைத் திருப்பி வாங்குவதே குற்றம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சேர்ந்தது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் 23-ஆவது பிரிவின்படி கட்டாய உழைப்புதான். வறுமையின் நெருக்கடியும் ஒருவகைக் கட்டாயமே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ‘யாரையும் நாங்கள் கட்டிப்போடவில்லையே’ என்று சொல்லும் முதலாளிகள் அனைவரும் இந்த ஒரு தீர்ப்பையாவது படிக்க வேண்டும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் 11 அறிகுறிகள் வகுத்திருக்கிறது. ஏமாற்றி அழைத்து வருதல், நடமாட்டத்தைத் தடுத்தல், வெளி உலகத் தொடர்பை அறுத்தல், மிரட்டல், அடியும் பாலியல் வன்முறையும், அடையாள ஆவணங்களைப் பறித்தல், கூலியைப் பிடித்துவைத்தல், கடனில் கட்டுதல், மோசமான இருப்பிடம், அளவு மீறிய ஓவர்டைம், ஒருவருடைய கையறு நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல். ஓர் அறிகுறி தெரிந்தால் விசாரிக்கத் தொடங்குங்கள். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் தாமதிக்க நேரமில்லை.

படி 1: ஒரு ஆர்டரைப் பின்தொடர்ந்து வரைபடம் போடுங்கள்

மொத்தச் சங்கிலியையும் ஒரே நாளில் வரைய முயன்றால் சோர்ந்துபோவீர்கள். சென்ற மாதம் அனுப்பிய ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், எம்பிராய்டரி, பிரிண்டிங், கட்டிங், காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி சீராக்குதல்), சாயப்பட்டறை, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுதல்), நூல் மில், ஜின்னிங் (பருத்தியிலிருந்து கொட்டை நீக்குதல்), பஞ்சு. ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: வேலை எங்கே நடந்தது, அங்கே கூலி கொடுப்பது யார், ஆட்களை அழைத்து வந்தது யார், அவர்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள். நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. வேலை பார்க்கும் இடத்துக்குள்ளேயே தூங்குபவருக்கு, வேலையை விடுவதென்றால் கூரையையும் விடுவது என்று பொருள்.

நூலில் ஒரு சிக்கல் வரும். உங்களிடம் இருக்கும் பில் டீலருடையது. மில்லின் பெயர் அதில் இருக்காது. குடோனில் இருக்கும், நூல் சுற்றிய கோனின் ஸ்டிக்கரையும் மூட்டையின் லாட் எண்ணையும் பாருங்கள், மில்லின் பெயர் கிடைத்துவிடும். டீலர் சொல்ல மறுத்தால் அதையும் வரைபடத்தில் எழுதிவையுங்கள்.

ஜாப் ஒர்க்கில் வேறு சிக்கல். நீங்கள் ஒருவருக்குக் கொடுப்பீர்கள், அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார். இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று போதும். 25 மெஷின் உள்ள யூனிட். சாதாரண ரவுண்ட் நெக்கில் மெஷினுக்கு நாளொன்றுக்கு 40 பீஸ் என்று வைத்துக்கொண்டாலும் 1,000 பீஸ்தான் வர வேண்டும். அவர் 2,200 பீஸ் டெலிவரி செய்கிறார் என்றால் ஒன்று நீங்கள் அறியாத இன்னொரு கொட்டகையில் உங்கள் துணி ஓடுகிறது, அல்லது அதே ஆட்கள் இரவும் உட்கார்ந்திருக்கிறார்கள். டெலிவரி சலான்களை வரிசையாக அடுக்கி இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு மாலை நேரம் போதும். பல ஆடிட்களில் (பையர் சார்பில் நடக்கும் சோதனைகளில்) வெளிவராத உண்மை இதில் வெளிவரும்.

சரக்கோடு நேரடித் தொடர்பு இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள். செக்யூரிட்டி ஏஜென்சி ஆட்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர்கள், லோடு ஏற்றுபவர்கள், புது ஷெட் கட்டும்போது வளாகத்துக்குள் தகரக் கொட்டகையில் தங்கும் கட்டடத் தொழிலாளர்கள். சீனாவிலிருந்து துணியோ நூலோ இறக்குமதி செய்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஷின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த எதையும் கட்டாய உழைப்பில் விளைந்தது என்றே 2022 ஜூன் முதல் அமெரிக்கச் சட்டம் கருதுகிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது இறக்குமதியாளர்.

வரைபடம் முடிந்ததும் எங்கே முதலில் போவது என்று முடிவு செய்யுங்கள். அதிகச் சரக்கு வாங்கும் இடத்துக்கு முதலில் போவதுதான் வழக்கம். அது தவறான வரிசை. ஏஜென்ட் மூலம் வந்தவர்கள், வளாகத்துக்குள் தங்குபவர்கள், உள்ளூர் மொழி தெரியாதவர்கள், இருபது வயதுக்குட்பட்ட பெண்கள், முன்பணம் வாங்கியவர்கள், இவர்கள் எங்கே கூடுதலாக இருக்கிறார்களோ அங்கே முதலில் போங்கள்.

படி 2: உங்கள் சொந்த கேட்டிலிருந்து தொடங்குங்கள்

சப்ளையரைக் கேள்வி கேட்பதற்கு முன் உங்கள் விடுதியின் கேட் ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டுங்கள். அறுபது பெண்கள் தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் எத்தனை தடவை யார் யார் வெளியே போனார்கள்? தனித்தனியாக, வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு நாள்களில் பெயர்கள் இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இருபது பெயர் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டு, பகல் 1 மணிக்கு இருபது பேரும் ஒன்றாகத் திரும்பியிருந்தால், வார்டன் அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்திருக்கிறார் என்று அர்த்தம். பெற்றோரின் கடிதம் இருந்தால்தான் வெளியே விடுவோம் என்பதற்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வார்கள். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணை, அவள் சம்மதம் இல்லாமல் பூட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக்குப் பஸ் இல்லை என்பது கவலையென்றால் வேன் விடுங்கள்.

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மில் விடுதிகளும் உரிமம் பெற வேண்டும். உங்கள் விடுதிக்கு உரிமம் இருக்கிறதா, நீங்கள் நூல் வாங்கும் மில்லுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் விடுதிக் கதவு வெளிப்பக்கம் பூட்டப்படுகிறதா என்று நேரில் பாருங்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே அந்தப் பூட்டை அன்றே கழற்றிவிடுவீர்கள்.

ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு, கல்விச் சான்றிதழ் எதுவும் எச்.ஆர். அறை பீரோவில் இருக்கக் கூடாது. நகல் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பிக் கொடுங்கள். ‘தொலைந்துவிடும் என்று அவர்களே கொடுத்துவைத்தார்கள்’ என்றால், ஒவ்வொருவருக்கும் சாவியுடன் ஒரு லாக்கர் கொடுங்கள்.

படி 3: முன்பணத்தின் தடத்தைப் பிடியுங்கள்

என் அனுபவத்தில், இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிட வேண்டும்.

ஒடிசாவிலிருந்து வரும் ஓர் இளைஞரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் ஏஜென்ட் கொடுத்த முன்பணம் 10,000 ரூபாய். ரயில், சாப்பாடு, வழிச்செலவு 2,500. ஏஜென்டின் கமிஷன் 5,000. திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே அவர் தலையில் 17,500 ரூபாய் கடன். மாதம் 12,000 சம்பளம்; மெஸ்ஸுக்கு 3,500, அறைக்கு 1,000 போனால் மீதி 7,500. அதில் மாதம் 3,000 பிடித்தாலும் கடன் அடைய ஆறு மாதம் ஆகும். மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தால் புதிதாக ஒரு முன்பணம். ஊரில் தங்கைக்கு விசேஷம் வந்தால் இன்னொன்று. யாரும் அவரை அடிக்கவில்லை, கேட்டைப் பூட்டவில்லை. ஆனாலும் அவரால் போக முடியாது. போனால் ஊரில் இருக்கும் அப்பாவை ஏஜென்ட் வந்து கேட்பான்.

இப்போது அதே கணக்கை முதலாளி பக்கமிருந்து பாருங்கள். கமிஷன் 5,000, வழிச்செலவு 2,500, ஆக 7,500 ரூபாயை நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது. மாதம் 26 நாள், நாளுக்கு 40 பீஸ் என்று ஒரு வருட உற்பத்தியில் பிரித்தால் ஒரு பீஸுக்கு 60 பைசா. பையரிடம் பேரம் பேசும்போது பட்டனுக்கும் பாலிபேகுக்கும் பைசாக் கணக்குப் பார்ப்பவர்கள் நாம். இந்த 60 பைசாவை காஸ்டிங் ஷீட்டில் (செலவுக் கணக்குத் தாளில்) தனி வரியாக எழுதுங்கள். எழுதாதவரை அந்தச் செலவு தொழிலாளியின் தலையில்தான் விழும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. ஏஜென்டுடன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: கமிஷனை நிறுவனம் கொடுக்கும், தொழிலாளியிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் ஒப்பந்தம் ரத்து. அவருக்குக் கீழே கிராமத்தில் வேலை செய்யும் துணை ஏஜென்டுகளின் பெயர்களையும் வாங்குங்கள். பணம் கைமாறுவது அங்கேதான். வேலை, சம்பளம், நேரம், பிடித்தம், தங்கும் இடம் எல்லாவற்றையும் ஒடியாவிலோ இந்தியிலோ வங்காளியிலோ ஒரே பக்கத்தில் எழுதி, ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே கொடுங்கள். இங்கே வந்தபின் அந்தத் தாளில் ஒரு வரிகூட மாறக் கூடாது. ஆள் சேர்ந்த முதல் வாரத்தில், ஏஜென்ட் இல்லாத இடத்தில், ‘இங்கே வர யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஜென்டின் பில்லில் கழியுங்கள்.

முன்பணமே கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பது என் கருத்து. மருத்துவச் செலவோ சாவோ வந்தால் தொழிலாளிக்குப் பணம் வேண்டும். நீங்கள் மறுத்தால் கந்துவட்டிக்காரரிடம் போவார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாமல், வட்டி இல்லாமல், கையெழுத்துள்ள சீட்டுடன் கொடுங்கள். மாதப் பிடித்தம் சிறியதாக இருக்கட்டும். வேலையை விடுவதற்கும் இந்தப் பணத்துக்கும் தொடர்பில்லை, பாக்கி இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். சிலர் பணத்தோடு போய்விடுவார்கள். போகட்டும். அந்த நஷ்டத்தைத் தாங்க மனமில்லாத இடத்தில்தான் பூட்டும் மிரட்டலும் வருகின்றன.

படி 4: கூலிப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கான்ட்ராக்டர் காட்டும் கூலிப் பட்டியல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எல்லோருக்கும் 26 நாள், எல்லோருக்கும் ஒரே தொகை, ஓவர்டைம் பூஜ்யம். அவ்வளவு சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அதே மாத கேட் ரிஜிஸ்டர், பவர் பில், உற்பத்தி ரிப்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஓவர்டைமே இல்லாத மாதத்தில் இரவு 11 மணிக்கு எப்படி உற்பத்திப் பதிவு வந்தது?

வங்கிக் கணக்கில் சம்பளம் போடுகிறோம் என்பதும் முழுமையான சான்று ஆகாது. சம்மதம் பெற்று நாலைந்து பேரின் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். சம்பளம் ஏறிய அன்றே, எல்லோருடைய கணக்கிலிருந்தும், ஒரே ஏ.டி.எம்.மில், சில நிமிட இடைவெளியில் மொத்தத் தொகையும் எடுக்கப்பட்டிருந்தால் கார்டுகள் எல்லாம் ஒருவர் சட்டைப்பையில் இருக்கின்றன.

நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். நமது சோதனைக்கு இந்தக் கடைசி விதி மிக முக்கியம். சென்ற ஆறு மாதத்தில் விலகியவர்களின் பட்டியலை எடுத்து, எத்தனை பேருக்கு இரண்டு நாளில் பணம் போனது என்று பாருங்கள். ‘தீபாவளிக்கு வா, வாங்கிக்கொள்’ என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு பெயரும் ஓர் எச்சரிக்கை. ஒன்றரை ஷிப்ட் நமக்கு எவ்வளவு பழகிப்போயிருந்தாலும், அதற்கு ‘முடியாது’ என்று சொன்னவர் மறுநாள் வேலைக்கு வர முடிந்ததா என்றும் கேளுங்கள்.

படி 5: தொழிலாளர்களிடம் பேசுங்கள், சரியான இடத்தில்

ஆடிட் அன்று மேனேஜர் தேர்ந்தெடுத்து அனுப்பும் பத்துப் பேரிடம், கண்ணாடி அறைக்குள் பேசுவதால் ஒரு பயனும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வளாகத்துக்கு வெளியே, அவர்கள் மொழி பேசுபவரோடு, பெண்களிடம் பெண்ணே பேச வேண்டும். மில்லை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்ட பெண்களிடம் பேசுவது இன்னும் நல்லது. அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. நேரடியாக ‘கட்டாயப்படுத்துகிறார்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள், லீவு கேட்டால் யாரிடம் கேட்க வேண்டும், இந்த மாதம் கையில் எவ்வளவு வந்தது, வீட்டுக்கு எப்படி அனுப்பினீர்கள், ஃபோன் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரை எங்கும் எழுதாதீர்கள்.

புகார்ப் பெட்டி வைப்பது எளிது. அதில் புகார் விழாததைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பயம் நீங்கும் இடத்தில் புகார் கூடும். இதற்கு நம் பகுதியிலேயே முன்னுதாரணம் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீதே வழக்குப் பதிவானது. அதன்பின் பெண்கள் வழிநடத்தும் டி.டி.சி.யூ. (தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம்) என்ற தொழிற்சங்கமும் ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்றும் தொழிற்சாலை நிர்வாகத்துடனும் வெளிநாட்டு பிராண்டுகளுடனும் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்டதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். தளத்தில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். நிர்வாகத்தைச் சாராத விசாரணை முறை வந்தது. முடிவை ஏற்காவிட்டால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைக்கும் என்ற கட்டுப்பாடும் அதில் இருந்தது. புகார் கொடுக்க ஆள் கிடைத்ததும் புகார்கள் வந்தன. பெரும்பாலானவை தீர்த்தும் வைக்கப்பட்டன. தொழிற்சங்கத்தை எதிரியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சங்கம் உள்ள இடத்தில் ஆளை அடைத்துவைக்க முடியாது என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் தொல்லைக்கான உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதன் உறுப்பினர்களைத் தையல் வரிசையில் இருக்கும் பெண்ணுக்கு முகம் தெரியுமா என்று பாருங்கள்.

படி 6: உங்கள் விலையும் கெடுவும் என்ன செய்கின்றன?

ஜாப் ஒர்க்காரரிடம் நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்கிவிட்டு, அதே நாளில் பீஸ் ரேட்டில் ஒரு ரூபாயைக் குறைப்பவர் அந்த விதிகளைத் தானே கிழித்துப்போடுகிறார். நீங்கள் கொடுக்கும் ரேட்டில் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வாடகை, கரண்ட் எல்லாம் அடங்குமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அடங்கவில்லையென்றால் சட்டத்தை மீறச் சொல்லி நீங்கள்தான் ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள். பையர் சாம்பிள் ஒப்புதலை இரண்டு வாரம் தாமதப்படுத்திவிட்டு ஷிப்மென்ட் தேதியை மாற்ற மறுத்தால் எழுத்தில் பதிவு செய்யுங்கள்: இந்தத் தேதிக்கு இத்தனை மணி நேர ஓவர்டைம் தேவைப்படும், சட்ட வரம்பு இவ்வளவு, ஆகவே தேதி மாற வேண்டும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களில் பலருடைய நாட்டுச் சட்டங்கள் இன்று, தங்கள் சரக்கு எப்படி உருவாகிறது என்று பதில் சொல்லும் பொறுப்பை அவர்கள்மேல் வைத்திருக்கின்றன. ஜாப் ஒர்க்காரருக்குப் பணம் கொடுப்பதையும் 90 நாள் இழுக்காதீர்கள். உங்களிடம் தேங்கும் பணம் அங்கே யாரோ ஒருவருடைய சம்பளம்.

படி 7: கண்டுபிடித்துவிட்டால்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. முதல் தவறு, உடனே கான்ட்ராக்டருக்கு ஃபோன் செய்து சத்தம் போடுவது. விடிவதற்குள் அந்த அறை காலியாகிவிடும். ஆட்கள் வேறு மாவட்டத்தில் இருப்பார்கள். இரண்டாவது தவறு, ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று சப்ளையரை அன்றே துண்டித்துவிடுவது. உங்கள் பெயர் தப்பிக்கும். மாட்டிக்கொண்டவர் அங்கேயே இருப்பார். மூன்றாவது, இரக்கப்பட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்து ரயிலேற்றிவிடுவது. நல்ல மனதோடு செய்தாலும் அது அவர்களுக்குக் கெடுதலாகவே முடியும்.

கொத்தடிமை என்று அதிகாரபூர்வமாக விசாரித்து, விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் உண்டு. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் பழைய கடன் சட்டப்படி ரத்தானதைக் காட்ட முடியும், மறுவாழ்வு உதவி கேட்க முடியும். மத்திய அரசின் 2016 திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பியவர் வெறும் கையோடு போகிறார். அடுத்த மாதம் அதே ஏஜென்ட் வருகிறான்.

ஆகவே முதலில் ஆளின் பாதுகாப்பு, அவருடைய சம்மதம். பிறகு ஆட்சியர் அல்லது கோட்டாட்சியருக்கு எழுத்தில் தகவல். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் இருந்தால் 1098, பெண்களுக்கு ஆபத்து என்றால் 181. கூலிப் பட்டியல், சலான், கேட் ரிஜிஸ்டர் நகல்களைப் பத்திரப்படுத்தி விசாரணைக்குக் கொடுங்கள். நிலுவைக் கூலியைச் சப்ளையர் கொடுக்கவில்லையென்றால் நீங்கள் கொடுத்துவிட்டு அவர் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். அதன்பின் சப்ளையரோடு உட்கார்ந்து, தேதி குறித்துத் திருத்தத் திட்டம் போடுங்கள். திருத்த மறுத்தால், தொழிலாளர்களின் பாக்கி முழுவதும் தீர்ந்தபின் உறவை முடித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் திரும்பப் போங்கள்.

படி 8: பையர் கேட்பதும் நீங்கள் எழுதுவதும்

ஆண்டு வருவாய் 3.6 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் நவீன அடிமைத்தன அறிக்கை வெளியிட வேண்டும் என்பது பிரிட்டனின் 2015 சட்டம். ஆஸ்திரேலியாவின் 2018 சட்டம் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் வருவாயை வரம்பாக வைத்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைச் சந்தையிலிருந்தே தடை செய்யும் விதியை 2027 டிசம்பர் 14 முதல் அமல்படுத்துகிறது. அமெரிக்கச் சுங்கத்துறைக்கு 1930 சட்டத்தின்படி சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தும் அதிகாரம் உண்டு. 2022 ஜூலையில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சரக்கை நிறுத்த உத்தரவிட்டது. குறைகள் சரிசெய்யப்பட்டதற்கான சான்றுகளைப் பார்த்தபின் செப்டம்பரில் உத்தரவு விலக்கப்பட்டது. சரிசெய்தால் கதவு திறக்கும் என்பதும் அதில் தெரிந்தது.

உங்களிடம் அறிக்கை கேட்டால் இணையத்திலிருந்து நகலெடுத்த கொள்கைப் பிரகடனத்தை அனுப்பாதீர்கள். எந்தச் சங்கிலியை எதுவரை பார்த்தோம், எங்கே பார்க்க முடியவில்லை, என்ன கண்டுபிடித்தோம், யாருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம், இந்த ஆண்டு எங்கே போகப் போகிறோம் என்று எழுதுங்கள். ‘எங்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்ற அறிக்கையை, இதைப் படித்துப் பழகியவர்கள் யாரும் நம்புவதில்லை.

முப்பது மெஷின் வைத்திருப்பவருக்கு

இவ்வளவும் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு, எனக்கு எச்.ஆர். கூடக் கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. உங்களுக்கு ஒரு வாரத்து வேலை சொல்கிறேன். திங்கட்கிழமை, பீரோவில் இருக்கும் ஆதாரையும் கார்டுகளையும் உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு நாளில் முன்பண நோட்டைத் திறந்து, யார் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள், எவ்வளவு பிடித்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுங்கள்; ஏஜென்ட் கமிஷன் அதில் கலந்திருந்தால் அடித்துவிடுங்கள். விலகிப் போனவர்களில் பாக்கி உள்ளவர்களுக்குப் பணம் அனுப்புங்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, யாருடைய கணக்கு எப்படி வந்தது என்று அவரவர் மொழியில் அச்சடித்த சீட்டைச் சேர்த்துக் கொடுங்கள். ஆள் கொண்டுவரும் ஏஜென்டிடம், அடுத்த முறை அழைத்து வருபவர்களுக்கான ரயில் டிக்கெட் பணத்தை முன்கூட்டியே உங்களிடம் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.